மோரிப் கடற்கரைக்குப் போன லோரி

பிரிக்பீல்ட்ஸ்
9-3-1936

அன்புள்ள பவுனம்மாளுக்கு இராமலிங்க வாத்தியார் எழுதுவது. நான் சுகம். உன் சுகத்தைக் கேட்கத்தான் கை கூசுகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன், தோட்டத்து ஆபீஸ் வாசலில் நீ என்னிடம் ஒன்று கேட்டாய்: "எம்புள்ள கடைசியா என்னென்ன பாத்தான் வாத்தியாரய்யா?" அன்று பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது என்று சொல்லி நடந்துவிட்டேன். இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பதில் சொல்ல வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளை லோரியில் சுற்றிப்பார்க்கக் கூட்டிப்போன அன்று, காலையில் ஜுக்ரா மலை ஏறினோம். உச்சியில் கலங்கரை விளக்கம். உன் பிள்ளை நாகையா அதைக் கட்டிப்பிடித்துப் பார்த்து, "நம்ம ரப்பர் மரம் மாதிரி நாலு மரம் சேத்தாத்தான் இந்தச் சுத்தளவு" என்றான். தூரத்தில் கப்பல் புகை தெரிந்தது. அது எந்த ஊருக்குப் போகிறது என்று மூன்று தடவை கேட்டான்.

மத்தியானம் மோரிப். வரிசையாகச் சவுக்கு மரங்கள், நிழலில் இளநீர் விற்கும் மலாய்க்காரர்கள். அங்கே கடல் வற்றினால் வெகுதூரம் போய்விடும். நீ பால் வெட்டும் ரப்பர் மர நிரையை ஐந்து தடவை நடந்தால் எவ்வளவோ, அவ்வளவு சேறு. அதில் சிப்பி பொறுக்கிக்கொண்டே போனான். சிரித்துக்கொண்டுதான் போனான், அம்மா.

இங்கே வீட்டுக்குப் பின்னால் ரயில் போகிறது. பெட்டிகளை எண்ணுகிறேன். ஒவ்வொரு தடவையும் ஒன்று குறைகிறது.

இராமலிங்கம்


மேரு தோட்டம்
2-4-1936

வாத்தியாரய்யாவுக்குப் பவுனம்மா கும்பிட்டுச் சொல்றது. சொல்லச் சொல்ல எழுதுறது கங்காணி மக சீதாலெட்சுமி.

காயிதத்த நாலு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவன் சிரிச்சான்னு எழுதினீங்களே, அது போதும். மழை பேஞ்சா வாசப்படியில ஈரக்கால் தடம் தெரியுது. தொடைக்க மனசு வரல.

அன்னிக்கு லோரி பொறப்படையில, பிள்ளைங்கள எண்ணாதீங்க, கண்ணு பட்டுடும்னு நாந்தான் சொன்னேன். இருபத்திரண்டு பிள்ளைக்கு இருபத்திரண்டு வடை சுட்டுக் குடுத்து, திரும்பி வர லோரி ஏறையில ஆளுக்கு ஒண்ணு குடுங்க, கூடை காலியானா எல்லாரும் வந்தாச்சுன்னேன். கூடை காலியாச்சு, எம்புள்ள வரல. அப்ப யாரோ ரெண்டு எடுத்திருக்கணும். அவங்கூடப் படிச்ச தங்கமணிப் பயதான்னு ஊரே சொல்லுது. அவங்கப்பன் தூணுல கட்டி வெச்சு அடிச்சான். பயலுக்கு இப்ப பேரே 'ரெண்டு வடை'. இல்லவே இல்லேங்கிறான். எங்க வாசல்ல வந்து நிப்பான், நான் கதவச் சாத்திடுவேன்.

நீங்க பக்கத்துல இருந்தீங்களே. அவன்தானா? ஒரு வார்த்தை எழுதுங்க.

பவுனம்மா (கைநாட்டு)


பிரிக்பீல்ட்ஸ்
11-4-1936

அன்புள்ள பவுனம்மாளுக்கு,

அவன் இல்லை.

பிள்ளைகள் ஏறி முடித்ததும் கூடையில் ஒரு வடை மிஞ்சியிருந்தது. பொழுது சாய்கிறது என்று லோரிக்காரர் ஹாரன் அடித்தபடி இருந்தார். கூடையைத் தூக்கி வந்த தங்கமணி, "ஐயா, நீங்க காலையிலேருந்து ஒண்ணுமே தின்னலியே" என்று அதை எடுத்து நீட்டினான். நான் தின்றேன். கூடை காலி. ஏறி உட்கார்ந்தேன். இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன்.

வழியில் பந்திங் ஊர் வந்த பிறகுதான், நாகையா எங்கே என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் போனபோது சேறு இல்லை. சவுக்கு மரத்தடி வரை தண்ணீர்.

யார் இரண்டு எடுத்தது என்று மறுநாள் கேட்டார்கள். தங்கமணியின் கை கூடைக்குள் போனதை ஒரு பிள்ளை பார்த்திருக்கிறது. எல்லோரும் அவனைக் காட்டினார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடி விழும்போதும் அவன் என் பெயரைச் சொல்லவில்லை.

எண்ண வேண்டாம் என்றது உன் குற்றமில்லை, அம்மா. நீ சொன்ன வழியிலேயே கணக்குச் சரியாகத்தான் வந்தது. ஒன்று மிஞ்சி, ஒரு பிள்ளை இல்லை என்று சொன்னது. அதை நான் தின்றுவிட்டேன்.

உன் கதவை எனக்குச் சாத்திக்கொள். இனி எனக்குப் பதில் எழுத வேண்டாம். ஒரே ஒரு காரியம் மட்டும் செய். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லயத்து வீட்டு ஜனம் எல்லாரையும் கூப்பிட்டு, தங்கமணியை முன்னால் உட்கார வைத்து, இந்தக் கடிதத்தைச் சீதாலெட்சுமியை உரக்கப் படிக்கச் சொல்.

இராமலிங்கம்