பையை நீ தூக்கு

மச்சானுக்கு, சலாம்.

நான் இமயமலை ஏறப்போவது பூந்தமல்லி முழுக்கத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும். ஏழைகளுக்கு இலவசமாக டயாலிசிஸ் செய்யும் அறக்கட்டளைக்கு நிதி திரட்டத்தான் ஏறுகிறேன். பயிற்சிக்காக, அரிசி நிரப்பிய பையை முதுகில் சுமந்து தினமும் பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றுகிறேன். டீக்கடைக்காரன் கேட்கிறான்: "இன்னா பாய், ரேஷன் கடையே உன் முதுகுல கீதா?"

அரிசி உன் மண்டியில் வாங்கியது. அண்ணன் கடையை விட்டு வேறெங்கும் வாங்கமாட்டாளாம் ஷாகிதா.

உன் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தும் என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "ஒண்ணக் குட்த்துட்டா அப்பால மூட்டை தூக்க முடியாது மச்சான்."

அதனால் நான் கொடுத்தேன். இன்று மூட்டையும் தூக்குகிறேன். டாக்டர் போகலாம் என்றுவிட்டார். மிச்சமிருப்பது ஒன்றுதானே என்று ஷாகிதா மட்டும் பயப்படுகிறாள். பயப்படட்டும், நான் ஏறத்தான் போகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை சென்ட்ரலில் ரயில். நீ வந்தாலும் உன்னிடம் பேசமாட்டேன். ஆனால் வழியனுப்ப அவள் வருகிறாள், அவள் கனம் தூக்கக்கூடாது. நீதான் இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறாயே, வந்து என் பையை ரயிலில் ஏற்று.

இப்படிக்கு,
உன் தங்கையின் கணவன்