கொள்ளிடத்துக்குப் போகும் வழியில் விழுந்தது

ஸ்ரீரங்கம், 12.8.1957

அன்புள்ள ரோசரிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாயிருக்கிறேன். அம்மாவுக்கு இருமல் நின்றதா?

முந்தாநாள் ஜட்காவை அவிழ்த்துவிட்டு, குதிரையைக் குளிப்பாட்ட அதன்மேல் ஏறிக் கொள்ளிடத்துக்குப் போனேன். பஸ் ஹாரனுக்கு மிரண்டு என்னைக் கீழே தள்ளிவிட்டது. அடி பெரிதில்லை, பயப்படாதே. ஊன்றுகட்டைதான் பஸ் சக்கரத்தில் நொறுங்கிவிட்டது. சூம்பின காலோடு எழ முடியாமல் கிடந்தேன். ஓடின குதிரை தானே திரும்பி வந்து நின்றது. பிடரியைப் பிடித்து எழுந்தேன்.

"இந்தக் காலோட குதிரை எதுக்குங்க? வித்துட்டு ஊருக்குப் போங்க" என்றார் ஒருவர்.

"ஊர்ல எனக்கு யாருங்க கால் தருவா? இதுக்கு நாலு இருக்கு" என்றேன்.

உடம்பெல்லாம் ஒரே அலுப்பு. அண்ணனிடம் புதுக் கட்டை செய்யச் சொல். யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். நீயே கொண்டுவந்தால் உயரம் சரியா என்று பார்த்துவிடலாம். சவாரிக்குக் கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன்.

உன்
தைரியராஜ்