நீ சேர்த்துச் சொன்ன வரி

போன வாரம் உன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. உன் வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்த உப்பளம் தபால்காரர் நேரே என்னிடம் கொண்டு வந்துவிட்டார். "ஜெனீவா கவருங்க. அவங்க இல்ல, நீங்கதான வாங்கிக்கணும்?" என்றார். நீ போய் ஏழு மாதமாகிறது. அந்த மனித உரிமை அலுவலகத்துக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. உறையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று அழுதேன்.

பரமேஸ்வரி அம்மாவுக்காக நாம் எழுதியதற்குப் பதில் அது. கடல் தாண்டி அகதியாக வந்து பிள்ளைச்சாவடியில் ஒற்றை அறையில் குடியிருக்கிறாரே, அவர்தான். சைக்கிளில் அரிசி வாங்கப் போன அவர் மகனை அந்நாட்டு ராணுவம் சோதனைச் சாவடியில் சுட்டுக் கொன்றது. ஆயுதம் வைத்திருந்தான் என்று அரசு எழுதி வைத்தது. இல்லை, அவன் வெறுங்கையோடு போனவன் என்று உலகத்தில் யாராவது எழுதித் தர வேண்டும். அம்மா கேட்டது அவ்வளவுதான்.

ஆண்டுதோறும் அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் தட்டச்சு செய்வேன், நீ பிரெஞ்சில் எழுதுவாய். "இங்கிலீஷ்ல எழுத ஆயிரம் பேரு இருக்காங்கடி. பிரெஞ்சுல போனா ஒருத்தனாவது நிமுந்து பாப்பான்" என்பாய். நாடுகள் கூடி ஆழ்ந்த கவலை தெரிவித்த செய்தி டிவியில் வந்தால் உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "கவலப்பட மட்டும் இத்தன நாடு இருக்குது. ஒரு வார்த்த கேக்கத்தான் நாதியில்ல."

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். உனக்குத் தெரிந்த பிரெஞ்சு எனக்கும் தெரியும். அம்மாவிடம் அதைச் சொல்ல நேரவில்லை. தட்டச்சு செய்கிறவள் என்றே அவர் என்னை நினைத்திருந்தார்.

முதல் பதில் நான் நோன்பிருந்த ஒரு நாளில் வந்தது. நாலே வரி. கடிதம் கிடைத்தது, பதிவு செய்துகொண்டோம், விசாரணை நடக்கும் என்பதற்கு இது உறுதி ஆகாது. அம்மா உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கெடச்சிதாம்மா. பதிவு பண்ணிட்டாங்களாம்" என்று சொல்லி நிறுத்தினாய். பிறகு, "விசாரிக்க ஆளுங்கள அனுப்புவாங்களாம்" என்றாய். நோன்பு வாயோடு பக்கத்தில் இருந்த நான் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது, "கொஞ்ச நாளு நிம்மதியா தூங்கட்டும்டி" என்றாய். சரிதான் என்றே எனக்கும் பட்டது.

அடுத்த மாதம் பிரான்சில் இருக்கும் அம்மாவின் மகள் பிரசவத்துக்கு அழைத்தாள். விசாவும் வந்தது. அம்மா போகவில்லை. நம்மிடம் காரணம்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டு, விசா முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "விசாரிக்க வாற ஆக்கள் வரேக்க நான் இல்லாட்டி, என்ர பிள்ளையைப் பற்றி ஆர் சொல்லுறது?" துணைக்கு ஆளில்லாமல் அந்த மகள் பிள்ளை பெற்று எழுந்திருந்தாள்.

நீ அங்கேயே உடைந்து போனாய். "அப்படி எழுதலம்மா. நாந்தான் சேத்து சொல்லிட்டேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது." அந்தக் கடைசி வார்த்தையும் பொய். என்னைக் காப்பாற்றச் சொன்னாய், நானும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன். அம்மா, "இனி உள்ளதை மட்டும் வாசியும், பிள்ளை" என்றார். அன்றுமுதல் சாகும்வரை நீ அப்படியே வாசித்தாய்.

இந்தக் கடிதத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று மூன்று நாள் தள்ளிப் போட்டேன். பிரெஞ்சு தெரிந்தவருக்கா இந்த ஊரில் பஞ்சம்? நாலாம் நாள் வெட்கம் தாளாமல் நானே போனேன்.

"ஆர் பிள்ளை இப்ப வாசிக்கிறது?"

"நான் வாசிக்கிறேம்மா."

"உமக்கும் இந்தப் பாஷை தெரியுமோ?"

"தெரியும்மா."

"அண்டைக்கும்?"

"அன்னிக்கும் தெரியும். பக்கத்துலயே இருந்தேன். சொல்லல."

அம்மா எழுந்து உள்ளே போனார். இனி வர மாட்டார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து என்னருகில் உட்கார்ந்தார். தனக்குப் படிக்கத் தெரியாத அந்தத் தாளின் முதல் வரியில் விரலை வைத்து, "ஒவ்வொரு வரியாச் சொல்லும்" என்றார்.

சொன்னேன். அந்த அரசிடம் கேட்டிருக்கிறார்களாம், இன்னும் பதில் வரவில்லையாம்.

"பிள்ளையின்ர பேர் இருக்கோ?"

"இருக்கும்மா. இதோ."

விரல் அங்கேயே நின்றது. "வெறுங்கையோட போனவன் எண்டு போட்டிருக்கோ?"

அன்று நீ எந்த இடத்தில் நிறுத்தினாயோ, அதே இடத்துக்கு நானும் வந்துவிட்டேன். 'போட்டிருக்காங்கம்மா' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அந்த வரியைச் சேர்த்ததற்காக உன்மேல் மிச்சமிருந்த கோபமெல்லாம் அந்தக் கணத்தில் போய்விட்டது.

"இல்லம்மா" என்றேன்.

அம்மா விரலை எடுக்கவில்லை. "அப்ப இந்த வருஷமும் எழுதுவம். பிரெஞ்சிலயும் நீரே எழுதும்."

எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்த பதிலிலும் அந்த வரி இல்லாவிட்டால், அவர் முகத்தைப் பார்த்து இல்லையென்று நான்தான் சொல்லியாக வேண்டும்.