நனையாதவனுக்கும் ஒரு பங்கு

செவ்வாய், 14 அக்டோபர் 1975

துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிய சவரிமுத்து அண்ணாச்சிக்கு இன்று எங்கள் கம்பெனியில் கடைசி நாள். அவருடைய சேமநிதிப் பணத்தை வாங்கிக் கொடுக்க நான்தான் ஆபீசுக்கும் பேங்குக்கும் மூன்று நடை நடந்தேன். வந்த தொகை அவர் நினைத்ததைவிடக் குறைவு. ஏனென்று கேட்டார். வட்டியில் ரூபாய்க்கு நாலணாவை நிர்வாகச் செலவென்று கம்பெனி பிடித்துக்கொள்கிறது என்றேன்.

"எங்க ஊர்ல மீன் பங்கு பிரிக்கையில வள்ளத்துக்கு ஒரு பங்கு குடுக்கோம் தம்பி. அது கடலுக்குப் போவுது, நனையுது. இந்த ரூவா பேங்குல போட்டது போட்டபடி கெடந்துச்சு. இதுல நனைஞ்சவன் யாரு?"

சட்டம் அப்படித்தான் என்று எரிந்து விழுந்தேன். அவர் மேல் எனக்கு என்ன கோபம்? மூன்று வருடத்துக்கு முன், அப்படிப் பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்ற காகிதத்தில் தொழிலாளர் பிரதிநிதியென்று கையெழுத்துப் போட்டவன் நான். அன்றைக்குத்தான் மேனேஜர் முதல்தடவையாக என்னை 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிட்டு நாற்காலி தந்தார். அந்தச் சந்தோஷத்தில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. இங்கிலீஷ் தெரியாத நாற்பது பேருக்கும் சேர்த்துத்தான் போட்டேன். இதை அண்ணாச்சியிடம் சொல்ல வாய் வரவில்லை.

போகும்போது அவர் ஐந்து ரூபாயை என் சட்டைப் பையில் திணித்தார். வேண்டாம் வேண்டாம் என்று தள்ளினேன். கேட்கவில்லை.

"வெயில்ல அலைஞ்சது நீதான? ஒம் பங்கு இது."

சட்டையை ஆணியில் மாட்டியிருக்கிறேன். நோட்டை இன்னும் வெளியே எடுக்கவில்லை.