கடை வாசலில் தொங்கிய தள்ளுபடி

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், என் கால் வீக்கமும் குறையில்லாமல் நலமாக இருக்கிறது, நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வழக்கம் போல நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். பள்ளியைப் பாதியில் விட்டாலும் அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், இன்று தன்னைப் பற்றிய பேச்சு வரும் இடத்தில் மட்டும் பேனா நொண்டுகிறது, "இதையும் எழுதணுமாம்மா" என்கிறாள். எழுதத்தான் வேண்டும்.

விஷயம் இதுதான், வழக்கில் ஜெயித்துவிட்டோம். கடையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று நாடு முழுமைக்கும் சட்டம் வந்ததும், அது செல்லாது என்று முதலாளிகள் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனதும் உனக்குத் தெரியும். வழக்கு முடிவதற்குள் நான் திரைச்சீலைத் துணிச் சுருள் மேல் பத்து நிமிடம் உட்கார்ந்தேன், அதற்காக வேலை போய் நாலு மாதம் வீட்டில் இருந்தேன், சின்னவள் மட்டும் அங்கே துணி வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். தொழிலாளர் அலுவலகத்தில், "சட்டம் நின்னாத்தான் நீங்க மறுபடி உட்கார முடியும்" என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை தீர்ப்பு. உட்காருவதற்கான தீர்ப்பைக் கேட்க வந்த கூட்டத்தில் எனக்கு உட்கார இடமில்லை, சுவரோரம் நின்றுகொண்டே கேட்டேன். நீதிபதி படித்ததில் பாதி புரியவில்லை. தொழிற்சங்க வக்கீலின் குமாஸ்தாதான், "அம்மா, முதலாளிங்க மனு தள்ளுபடி. சட்டம் செல்லும், நீங்க வேலைக்குப் போகலாம்" என்று காதில் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே ஓடிவந்து கடைக்குப் போன் போட்டேன், சின்னவள்தான் எடுத்தாள், "தள்ளுபடிடி, தள்ளுபடி" என்று இரண்டு தடவை கத்தியதோடு சார்ஜ் தீர்ந்துவிட்டது.

இவள் நம் வழக்குதான் தள்ளுபடி என்று நினைத்து வெளிறிப் போய் நின்றிருக்கிறாள். ஓயாமல் அங்கும் இங்கும் நடக்கிற எங்கள் மேற்பார்வையாளரைப் பெண்டுலம் என்போமே, அவர் வந்து "தலைமை அலுவலகமா, என்ன சொன்னாங்க" என்று கேட்க, இவள் வாய்க்குள்ளேயே "தள்ளுபடியாம்" என்று சொல்லிவிட்டுக் கிடங்குக்குள் அழப் போய்விட்டாள். அவர் போன வருடத்துப் பலகையைத் தூசி தட்டி வாசலில் மாட்டிவிட்டார். நான் பேருந்தை விட்டு இறங்கினால் தெருமுனை வரைக்கும் கூட்டம், கடை வாசலில் 'மாபெரும் தள்ளுபடி'. பெரியவளே, தான் தோற்றதை முதலாளியே இப்படிக் கொண்டாடுகிறாரே, என்ன மனசு என்று ஒரு நிமிடம் உருகிப் போனேன்.

உள்ளே பெண்டுலம் ஆட இடமில்லாமல் நசுங்கிக்கொண்டிருந்தார். ஒரு அம்மாள் மெத்தை உறையைப் பிடித்துக்கொண்டு "எவ்வளவுதான் தள்ளுவீங்க" என்கிறார், இன்னொருத்தர் "அப்ப பலகை பொய்யா" என்கிறார். நான் கிடங்குக்குள் போய் இவளிடம் விஷயத்தைச் சொன்னேன். விலை சொல்வதற்கே என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, வெட்டும் மேசை மேல் ஏறி நின்று, "தள்ளுபடி துணிக்கு இல்லீங்க, மனுவுக்கு. எங்கம்மா ஜெயிச்சுட்டாங்க" என்றாள். அப்புறம் அந்த மெத்தை உறை அம்மாள், அவரும் இருபது வருடம் கடையில் நின்றவராம், "சரி, முழு விலைக்கே கட்டிக் குடு கண்ணு" என்று சிரித்தார், கூட்டமே சிரித்தது. இந்த இடத்தில் பேனா அடியோடு நின்றுவிட்டது, உலுக்கி எழுத வைத்தேன்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். ஆளுக்கொரு முக்காலி வந்திருக்கிறது. பழக்க தோஷம், யார் வந்தாலும் எழுந்துவிடுகிறேன், இவள் பின்னாலிருந்து இழுத்து உட்கார வைக்கிறாள். பெண்டுலமும் "எனக்கு ஒண்ணு கிடையாதா" என்று கேட்டு வாங்கிக்கொண்டார், அவர் உட்கார்ந்தால் கடைக்கே மணி நின்றுபோன மாதிரி இருக்கிறது. நீயும் விமான நிலையக் கடையில் பத்து மணி நேரம் நிற்கிறாய். அந்த ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று வாயைத் திறந்து கேள், உன் தங்கைக்கே வாய் வந்துவிட்டது, உனக்கென்ன. படுக்கும்போது காலுக்குத் தலையணை வைக்க மறக்காதே. போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல இடமாக அமையட்டும், அதில் சாய்ந்து உட்கார நேரமும் அமையட்டும். இது சாப்பாட்டு இடைவேளைகூட இல்லை, வியாபார நேரம். ஆள் வராத இந்தக் கொஞ்ச நேரத்தில், பெண்டுலத்தின் கண்ணெதிரே, உட்கார்ந்துகொண்டே இதை எழுதி முடித்தோம்.

உன் அம்மா

அக்கா, நான் கிடங்கில் அழவில்லை. தூசி.