எனக்குப் பின்னால் நிற்பவள்

பிப்ரவரி 3, திங்கள்

வாலிபால் நெட்டை இழுத்துக் கட்டும்போது கம்பி உள்ளங்கையில் குத்திவிட்டது. பி.டி. சார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊசி போட்டுக்கோ" என்றார். அத்தோடு அவர் கடமை முடிந்தது.

இந்த வருஷம் டீமில் சேர்ந்த புதுசு இன்றும் நன்றாக அடித்தாள். அதுதான் எனக்கு இடிக்கிறது. இவ்வளவு நன்றாக அடிக்கிறவள் மேட்டுக் காலேஜை விட்டுவிட்டு எங்களிடம் எதற்கு வந்தாள்? அங்கே இரண்டு கோர்ட்டு. பந்து பொறுக்கிப் போடத் தனியாக ஆள். இங்கே மழை பெய்தால் ஹால் கூரை ஒழுகும், ஒருத்தி ஆடுவதை விட்டுவிட்டு வாளி பிடிக்க வேண்டும். கேட்டால், "அந்த கோர்ஸ் பிடிக்கலை" என்கிறாள். இங்கேயும் அதே கோர்ஸ்தான் படிக்கிறாள்!

பிப்ரவரி 5, புதன்

பார்த்துவிட்டேன்.

காலையில் மருந்துக்கடை முனையில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. பின்னாலிருந்து புதுசு இறங்கினாள். ஓட்டி வந்தவர் கண்ணாடியைத் துடைக்க ஹெல்மெட்டைக் கழற்றினார். மேட்டுக் காலேஜ் கோச் மேடம். போன வருஷம் எங்களோடு ஆடும்போது கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே முகம்.

காலேஜ் வாசல் வரை வரவில்லை, முனையிலேயே இறக்கிவிட்டார். ஸ்கூட்டர் திரும்பிப் போகும்வரை அவள் நின்று, அப்புறம்தான் நடந்தாள். மறைக்க ஒன்றும் இல்லாதவள் ஏன் முனையில் இறங்க வேண்டும்?

பிப்ரவரி 6, வியாழன்

பல்லியிடம் மட்டும் சொன்னேன். எங்கள் லிபரோ, பின்வரிசையில் பந்தை விழாமல் எடுக்கிறவள். தரையோடு ஒட்டிக்கொண்டு எந்தப் பந்தையும் எடுத்துவிடுவாள், அதனால் அந்தப் பெயர். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நீ அசல் உங்கம்மா பொண்ணுடி."

அம்மாவுக்கு வேலையே சந்தேகப்படுவதுதான். துணிக்கடை வாசலில் நின்று, வெளியே போகிறவர்கள் பையையும் பில்லையும் ஒத்துப் பார்ப்பது. வீட்டிலும் அந்தக் கண் மாறாது. நான் கடையிலிருந்து தக்காளி வாங்கி வந்தால்கூடப் பைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள்.

பல்லி சிரிக்கட்டும். உளவு பார்க்க வருகிறவர்கள் சொல்லிக்கொண்டா வருவார்கள்?

பிப்ரவரி 8, சனி

போட்டி அட்டவணை வந்துவிட்டது. காலிறுதியில் ஜெயித்தால் அரையிறுதியில் மேட்டுக் காலேஜ். பி.டி. சார் படித்துவிட்டு, "சரி, காலிறுதி வரைக்கும் நல்லா ஆடுங்க" என்றார்.

போன வருஷம் அவர்களோடு ஆடப் போனபோது வேன் டிரைவர் இஞ்சினையே அணைக்கவில்லை. "எதுக்கும்மா அணைக்கணும்? இப்ப வந்துருவீங்கல்ல?" சொன்ன மாதிரியே வந்துவிட்டோம். இது எனக்குக் கடைசி வருஷம். ஒரு செட்டாவது. அந்த மேடம் கொட்டாவி விடாமல் ஒரு செட்டாவது உட்கார வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நானும் பல்லியும் மேட்டுக் காலேஜ் ஆடிய ஆட்டத்தைக் கேலரியில் உட்கார்ந்து பார்த்தோம். எல்லாப் பாயிண்டும் அவர்களின் கொக்குதான் எடுக்கிறாள். குதித்தால் நெட்டுக்கு மேலே தோள் தெரிகிற உயரம். அவளுக்கு உயரப் பந்து போனால் முடிந்தது கதை.

பல்லிதான் முதலில் பார்த்தாள். "ஏய், அவ குனியவே மாட்டேங்குறா பாரு."

ஆமாம். முன்னால் விழுகிற சர்வீஸுக்கு அவள் முட்டியை மடக்குவதில்லை. நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டுகிறாள். பாதிப் பந்து எங்கேயோ போகிறது.

"திமிரு" என்றேன்.

"திமிரோ என்னவோ. அவ காலடியிலேயே சர்வீஸ் போட்டுட்டே இருப்போம். குனிஞ்சு எடுத்துட்டு, எந்திரிச்சு ஓடி, அப்புறம்தானே அடிக்கணும்? ஒரு செட்டு அடிப்பா. அஞ்சு செட்டு அடிப்பாளா?"

வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

ஹால் கதவைச் சாத்திவிட்டு எல்லாரிடமும் சொன்னோம். ஒன்று, சர்வீஸ் எல்லாம் கொக்கின் காலடிக்கு. இரண்டு, முதுகுப் பந்து. நான் செட்டர், எனக்கு வருகிற பந்தை அடிக்கிறவளுக்குத் தூக்கிக் கொடுப்பது என் வேலை. முன்னால் கொடுப்பதுபோல் நின்று, முதுகுக்குப் பின்னால் நிற்கிற புதுசுக்குத் தள்ளிவிடுவது. இது வரை யாருக்கும் காட்டாதது.

எல்லாரும் குதித்தார்கள். புதுசு மட்டும் வாயே திறக்கவில்லை. கொக்கின் காலைப் பற்றிப் பேசும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"என்ன, சரிவராதா? உனக்குத்தான் அவளைத் தெரியுமே" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்றபடி ஆடுறேன்."

கூட ஆடியவளைப் பற்றி ஒன்றுமே தெரியாதாம். நம்பச் சொல்கிறாள். நான் ஏன் அவள் எதிரிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன்?

பிப்ரவரி 15, சனி

காலிறுதியில் ஜெயித்தோம். ஜெயித்த மாதிரியே இல்லை.

புதுசுக்கு நான் பந்து கொடுக்கவில்லை. வேண்டுமென்றா? தெரியாது. கை போகவில்லை. மற்றவர்கள் அடித்து அடித்து ஓய்ந்து, எல்லாரையும் விட மட்டமான ஒரு டீமிடம் தட்டுத்தடுமாறி மூன்றுக்கு இரண்டு என்று வெளியே வந்தோம். குழாயடியில் புதுசு என் வழியை மறித்து நின்றாள்.

"எனக்கு ஏன் பந்து வர மாட்டேங்குது?"

"ஆட்டம் அப்படி அமைஞ்சுது."

"கேப்டன், நான் என்ன பண்ணேன்னு சொல்லிட்டுக் குடுக்காம இருங்க."

முகம் கழுவுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அம்மாவிடம் புலம்பினேன். கால் வீக்கத்துக்கு வெந்நீரில் உப்புப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நின்றே பார்க்கிற வேலை.

"பையைத் திறக்கச் சொன்னியா?"

"என்ன பைம்மா?"

"நான் மூஞ்சியை மட்டும் பார்த்துட்டு நின்னா கடைக்கு வர்றவங்க எல்லாருமே திருடங்கதான். கேட்டியா, இல்லையா?"

கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது நல்ல பதில் சொல்லிவிடுவாளோ என்றுதான் பயமாக இருந்திருக்கிறது போல.

பிப்ரவரி 17, திங்கள்

கேட்டுவிட்டேன். ஸ்கூட்டரில் பார்த்ததைச் சொன்னேன். கதை கட்டுவாள் என்று நினைத்தேன். ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

"அவங்க என் அண்ணி."

கூடப் பிறந்த அண்ணனின் மனைவி. ஒரே வீடு. அப்பா அம்மா வேறு ஊரில். சாப்பாடு, துணி, தூக்கம் எல்லாம் அந்த மேடம் வீட்டில்தான்!

"அப்புறம் ஏன் அங்கே ஆடலை?"

"ஒரு வருஷம் முழுக்க பெஞ்சுல உட்கார வச்சாங்க. வீட்டுப் பொண்ணுன்னு எடுத்தாங்கன்னு யாரும் பேசிடக் கூடாதாம். எனக்கு ஆடணும், கேப்டன். அதான் வந்தேன்."

"வீட்ல என்ன பேசிப்பீங்க?"

"சாம்பார்ல உப்பு கம்மின்னு பேசிப்போம். வாலிபால் பேச மாட்டோம்."

நல்ல பதில்தான். ரொம்ப நல்ல பதில். ஆனால் நான் உளவாளியாக இருந்தால் இதைத்தானே சொல்வேன்?

பிப்ரவரி 20, வியாழன்

நம்புகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். நம்பவில்லை.

பிப்ரவரி 22, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

முதல் செட். முதுகுப் பந்து கொடுத்தேன். பந்து என் கையை விட்டுப் போவதற்குள் நெட்டருகே தடுக்கிற அவர்களின் இரண்டு பிளாக்கர்கள் புதுசுக்கு எதிரே போய் நின்றுவிட்டார்கள். சுவர் மாதிரி. மறுபடி கொடுத்தேன், மறுபடி சுவர். மூன்றாம் தடவையும். யாருக்கும் தெரியாத பந்து இவளுகளுக்கு எப்படித் தெரிஞ்சுது? சாம்பார் பேசுறாளாம் சாம்பார்! இருபத்தைந்துக்குப் பதினொன்று என்று செட்டு போனது. எதிர் பெஞ்சில் மேடம் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இடைவேளையில் அவள் சட்டையைப் பிடிக்காத குறை. "சொல்லிட்ட இல்ல?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"நீதான் சொல்ற! ஒவ்வொரு தடவையும் நீதான் சொல்ற!" மரியாதையெல்லாம் போய்விட்டது. "பந்து வர்றதுக்கு முன்னாடியே திரும்பி என்னைப் பார்க்குற. திருடனைப் பார்க்குற மாதிரி பார்க்குற. உன் மூஞ்சி எங்க திரும்புதுன்னு பார்த்துட்டே அவங்க ஓடுறாங்க."

பல்லியைப் பார்த்தேன். அவள் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே, "பார்க்குறடி" என்றாள்.

நம்பினேனா? இல்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மட்டும் நினைத்தேன். இரண்டாம் செட்டில் முதல் நல்ல பந்து வந்ததும், வழக்கம்போல் தலையைத் திருப்பிப் புதுசைப் பார்த்தேன். பந்தை முன்னால் கொடுத்தேன். இரண்டு பிளாக்கர்களும் புதுசுக்கு எதிரே, காற்றில். முன்னால் ஒருத்தரும் இல்லை. எங்கள் ஆள் சாவகாசமாக அடித்தாள்.

கூசிப் போய்விட்டது எனக்கு. இரண்டு வாரமாக எல்லாரையும் நான் கவனிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் எங்கே பார்த்தேனோ அங்கே கொடுக்கவில்லை. சில சமயம் பார்த்த இடத்திலேயே கொடுத்தேன். அவர்களுக்குக் குழம்பிவிட்டது. சர்வீஸ் எல்லாம் கொக்கின் காலடியில். முதலில் சிரித்துக்கொண்டே எடுத்தாள். மூன்றாம் செட்டு அவர்களுக்குப் போனது. நான்காம் செட்டில் அவள் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் முட்டியில் கையூன்றி நின்றாள். குதிக்கிற உயரம் குறைந்தது. அவள் அடித்ததைப் பல்லி தரையோடு தரையாக விழுந்து எடுத்தபோது கேலரியில் யாரோ எங்களுக்கு விசில் அடித்தார்கள். எங்களுக்கு!

இரண்டுக்கு இரண்டு என்று ஐந்தாம் செட்டுக்கு வந்துவிட்டோம். எங்களுக்குப் பதினான்கு, அவர்களுக்குப் பதின்மூன்று. பந்து எனக்கு வந்தது. எங்கேயும் பார்க்கவில்லை. பின்னால் அவள் இருப்பாள் என்று தள்ளிவிட்டேன். இருந்தாள்.

சத்தத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. புதுசு மட்டும் கத்தவில்லை. எதிர் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இறுதிப் போட்டியில் தோற்றோம். சந்தேகத்துக்கே இடமில்லாமல் தோற்றோம். வேனில் பாட்டுப் போட்டுக்கொண்டு திரும்பினோம். பி.டி. சார், "நான் அப்பவே சொன்னேன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

சாயங்காலம் புதுசு வீட்டு வாசலில் நின்றாள், தோளில் பெரிய பை. "ரெண்டு நாள் இருந்துக்கட்டுமா?"

அம்மா அந்தப் பையை ஒரு பார்வை பார்த்தாள். பழக்க தோஷம். அப்புறம் வாங்கி உள்ளே வைத்தாள்.

துருவித் துருவிக் கேட்டதில் வந்தது. கொக்குக்கு முட்டியில் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். வெளியே தெரிந்தால் எல்லாரும் அங்கேயே அடிப்பார்கள் என்று மறைத்து வைத்திருந்தார்கள். கொக்கு, அண்ணி, அதே வீட்டில் இருக்கிற இவள் — வேறு யாருக்கும் தெரியாது. நாங்களோ ஐந்து செட்டும் சரியாக அந்தக் காலடியில் போட்டோம்.

"'நீ சொல்லாம வேற யாரு சொன்னது'ன்னு கேட்டாங்க. அண்ணன் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்துட்டான். மூணு நாளா அண்ணி என்கூடப் பேசலை."

திமிர் என்று சொன்னோமே. அது வலி. அன்று ஹாலில் இவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது இதற்குத்தானா? "ஆமாம், அடிங்க" என்று எங்களிடமும் சொல்லவில்லை. "அடிக்கப் போறாங்க" என்று அங்கேயும் சொல்லவில்லை. நடுவில் தனியாக நின்றிருக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்து நான் என்னவெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்!

பிப்ரவரி 26, புதன்

மேட்டுக் காலேஜுக்குப் போனேன். மேடம் விளையாட்டுச் சாமான் அறையில் பந்துகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"மேடம், அவ எங்ககிட்ட எதுவும் சொல்லலை. கேலரியில உட்கார்ந்து நாங்களா பார்த்ததுதான்."

"அவ சொல்லியிருந்தா, சொன்னான்னு வந்து சொல்லுவியா?"

நானாக இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்கக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் இருந்தது. கிளம்பிவிட்டேன். கதவருகே போனதும்தான் தோன்றியது.

"எங்க ஆட்டத்தைப் பத்தி நீங்க வீட்ல அவகிட்ட கேட்டதே இல்லையா மேடம்?"

பம்பு நின்றது.

"கேட்டேன்" என்றார்.

"சொன்னாளா?"

அவர் நிமிரவில்லை. அடுத்த பந்தை எடுத்து ஊசியைச் செருகினார். அந்தப் பந்தில் ஏற்கெனவே காற்று நிறைய இருந்தது.

மார்ச் 2, ஞாயிறு

சாப்பிட்டு முடித்து நானும் புதுசும் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் போன் அடித்தது. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணி" என்றாள்.

எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கூடத்தில் டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

ரொம்ப நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது அவளுக்கு மூக்கு சிவந்திருந்தது. நான் கேட்கவில்லை.