மூடிக்குள் இருக்கும் பெயர்

ஷாமா, எழுந்ததும் உன் பெட்டியைத் தேடாதே. நான்தான் எடுத்துப் போகிறேன்.

நேற்று உன் தம்பி ஈரக் கையால் நான் வரைந்து வைத்த கல்யாணப் பெட்டியில் பாதிப் பூவைத் துடைத்துவிட்டானே, அந்தப் பெட்டியைக் கேட்டிருந்த பெண்ணுக்கு இன்று மருதாணி. வெறுங்கையோடு போய் நின்றால் இந்தத் தெத்துவான் ஊரில் இனி யாரும் எனக்கு வேலை தரமாட்டார்கள். எனக்குப் பெட்டி வரையக் கற்றுத்தரும் ஆசிரியை கை வைக்காமல் நானே முழுதாக வரைந்தது உன் பெட்டி ஒன்றுதான். அதிலிருந்த மணிகளும் கடிதங்களும் சர்க்கரை டப்பாவில் இருக்கின்றன. எதையும் படிக்கவில்லை.

ரொட்டிக்குப் பிசைந்த மாவு துணிக்கடியில் இருக்கிறது. பள்ளிக்குப் போகிற வழியில் தெருமுனைப் பொது அடுப்பில் சுடக் கொடுத்துவிடு. தம்பி அனீருக்கு முட்டை பொரித்துக் கொடு. ஆமாம், இன்றைக்கும் வெள்ளைக்கருதான். "மஞ்சக்கரு எல்லாம் உன் பெயிண்டுக்கு, வெள்ளக்கரு மட்டும் எங்களுக்காம்மா?" என்று நீ கேட்டது ராத்திரி முழுக்கக் காதிலேயே இருந்தது. பதில் இல்லாததால்தான் கத்தினேன்.

அனீரையும் சாவியையும் பக்கத்து வீட்டு ஸுபைதா அத்தையிடம் விட்டுப் போ.

அம்மா

பி.கு.: மூடியின் உள்பக்கம் அன்று நான் எழுதிய உன் பெயரை மறைக்க மூன்று தரம் பூ வரைந்து பார்த்தேன். வார்னிஷ் மேல் முட்டைச் சாயம் ஒட்டாமல் வழிந்துவிட்டது. பெண்ணின் அம்மா, "ஷாமாங்கிறது யாரு?" என்று கேட்டால், எங்கள் கடையின் பெயர் என்று சொல்லப்போகிறேன். "நமக்கு ஏதும்மா கடை?" என்று நீ கேட்பாய். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் இந்தத் தரம் கத்தமாட்டேன்.